லிஸ்ட்டில் இல்லாத வண்டி

போன மாதம் ஒரு மத்தியானம், நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. நான் ரிட்டயர் ஆன பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் பேசினாள்.

"மேடம், ஒருத்தர் வண்டிக்குள்ள பெட்ரோல் வாசனை வருதுன்றார். நம்பர் போட்டுப் பாத்தா ரீகால்ல இல்லைன்னு வருது. அதைச் சொன்னா கோவப்படறார். என்ன சொல்லட்டும்?"

"டேங்க்ல எவ்ளோ பெட்ரோல் இருக்குன்னு கேட்டியா?"

"அதை எதுக்கு மேடம் கேக்கணும்?"

எதற்கு என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அரைப் பக்கத்தில் முடியும் என்று நினைத்து உட்கார்ந்தேன். தரணேந்திரன் சாரையும் கோகிலா டீச்சரையும் விட்டுவிட்டு அதை எழுத வரவில்லை.

நான் பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, திருவண்ணாமலை வேலூர் ரோட்டில் ஒரு கார் டீலரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முன்னால் ஷோரூம், பின்னால் நாலு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட். பில் அடிக்கத்தான் எடுத்தார்கள். பில்லில் வருகிற சாமான் எல்லாம் எது என்று தெரியாமல் அடிக்கப் பிடிக்கவில்லை. சீனியர் மெக்கானிக் பாஷா பாயிடம் போய் நிற்பேன். "இதாம்மா வாட்டர் பம்ப், இது ஃபேன் பெல்ட்டு" என்று கையில் எடுத்துக் கொடுத்துக் காட்டுவார். சில வருஷத்தில் என்னை சர்வீஸ் அட்வைசர் ஆக்கினார்கள். வண்டிக்காரர் சொல்லும் குறையைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதுவது, அதை மெக்கானிக்கிடம் கொடுப்பது, சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன செய்தோம் என்று சொல்வது. கடைசி வரைக்கும் அதுதான் என் வேலை.

தரணேந்திரன் சார் ஒர்க்ஸ் மேனேஜராக வந்தபோது எனக்குப் பத்து வருஷ சர்வீஸ் ஆகியிருந்தது. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். பொழுது இறங்குவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுவார். அதனால் சாயங்காலம் அஞ்சேகால் ஆனால் ரூமுக்குள் போய் டிபன் பாக்ஸைத் திறப்பார். பத்து நிமிஷம். மற்றபடி நாள் முழுக்க ஷெட்டில்தான். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வண்டி கழுவுகிற ஆளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். வண்டிக்காரர் நின்றுகொண்டு பேசினால் இவரும் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார்.

வந்த முதல் வாரமே நான் எழுதிய ஜாப் கார்டு ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதில் 'பின் சஸ்பென்ஷன் சத்தம்' என்று எழுதியிருந்தேன்.

"சுமதிம்மா, அவர் சஸ்பென்ஷன்னா சொன்னார்?"

"இல்ல சார். பின்னாடி பாத்திரம் உருள்ற மாதிரி சத்தம் வருதுன்னார். அப்படின்னா சஸ்பென்ஷன்தானே சார்?"

"அது நாம முடிவு பண்றது. அவர் சொன்னதை அப்படியே எழுதுங்க."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. வேறு கார்டு எடுத்து எழுதினேன். பாஷா பாய் அதைப் படித்துவிட்டு டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி டயருக்கு அடியில் கை விட்டார். ஒரு பித்தளைச் சொம்பு வந்தது. வீட்டுக்காரர்கள் எப்போதோ குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது விழுந்திருக்கிறது. நான் எழுதிய முதல் கார்டு போயிருந்தால் ரெண்டு ஷாக் அப்சார்பரை மாற்றியிருப்போம். சொம்பு அப்புறமும் உருண்டுகொண்டுதான் இருந்திருக்கும். அன்றிலிருந்து ஆட்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுத ஆரம்பித்தேன். 'பிரேக் போட்டா கன்னுக்குட்டி கத்துது' என்று ஒருவர் சொன்னார், அதையும் எழுதினேன். சார் அந்தக் கார்டைப் படித்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போது கோகிலா டீச்சர்.

அவர் வீடு அடி அண்ணாமலையில். வேலை, செங்கம் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில். எங்கள் ஷோரூமில்தான் கார் வாங்கினார். அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் இன்னும் மூன்று டீச்சர்களை வழியில் ஏற்றிக்கொண்டு தினமும் அவரே ஓட்டிக்கொண்டு போவார்.

அவர் வண்டி வாங்கி ரெண்டு வருஷம் கழித்து, கம்பெனியிலிருந்து எங்களுக்கு ஒரு ரீகால் லெட்டர் வந்தது. பெட்ரோல் பம்ப் என்பது பின்சீட்டுக்கு அடியில், டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அந்த மூடியில் இருக்கும் சின்ன மூக்கு வழியாகத்தான் பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும். சில வண்டிகளில் அந்த மூக்கின் அடியில் முடி மாதிரி விரிசல் விட்டுக் கசிகிறதாம். இந்த சேஸிஸ் நம்பரிலிருந்து இந்த நம்பர் வரைக்கும் உள்ள வண்டிகளுக்கு இலவசமாக மாற்றிக் கொடுங்கள் என்று போட்டிருந்தது. கோகிலா டீச்சருடைய வண்டி கடைசி நம்பருக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வந்து, வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வருகிறது என்றார். நம்பரைப் பார்த்தேன். "உங்க வண்டி லிஸ்ட்ல இல்லைங்க மேடம்" என்றேன். இருந்தாலும் சீட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். காய்ந்து கிடந்தது. 'குறை எதுவும் தெரியவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் இன்னொரு சனிக்கிழமை வந்தார். அதே வாசனை, அதே பதில்.

மூன்றாவது தடவையும் சனிக்கிழமை காலையில்தான் வந்தார், சீட்டுக்கு அடியில் அப்போதும் காய்ந்துதான் கிடந்தது. அன்றைக்குச் சொன்னார்: "என் கூட வர்ற வித்யா டீச்சருக்குத்தாங்க முதல்ல தெரியுது. அவங்க மாசமா இருக்காங்க. ஸ்கூல் விட்டுத் திரும்பும்போது கதவைத் திறந்தாலே அவங்களுக்குக் குமட்டுது. இப்ப எங்களுக்கும் தெரியுது."

நான் சிரித்துக்கொண்டே, "மாசமா இருந்தா எல்லாமே வாசனையாத்தான் தெரியும்ங்க" என்றேன். ரெண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்தப் பேச்சை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கோகிலா டீச்சர் சிரிக்கவில்லை. "நீங்க எழுதறதை எழுதிக்கங்க. நான் மேனேஜரைப் பாக்கணும்" என்றார்.

தரணேந்திரன் சார் எழுந்து நின்று கேட்டார். எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வாசனை காலையிலா, சாயங்காலமா? சாயங்காலம். தினமுமா? இல்லை, வாரத்தில் ரெண்டு நாள். எந்த ரெண்டு நாள்? டீச்சர் யோசித்தார். "திங்கள், செவ்வாய்."

"பெட்ரோல் என்னிக்குப் போடுவீங்க?"

"திங்கக்கிழமை காலைல. டேங்க் ஃபுல் பண்ணிடுவேன். வாரத்துக்கு வந்துடும்."

"இப்ப டேங்க்ல எவ்ளோ இருக்குங்க?"

டீச்சர் முகத்தில் ஒரு சங்கடம். என்னைப் பார்த்தார், பாஷா பாயைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். சர்வீஸுக்கு விடறோம்னா கொஞ்சமாத்தான் வெச்சிருப்போம். எங்க வீட்ல சொல்வாங்க, ஒர்க்‌ஷாப்ல பெட்ரோல் எடுத்துடுவாங்கன்னு."

பாஷா பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எல்லாரும் அப்பிடித்தாம்மா கொண்டாறாங்க. எங்கிட்ட வர்ற வண்டி எல்லாம் பட்டினியாத்தான் வருது."

சார் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "மூணு தடவையும் காலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காலி டேங்கைப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டோம்." 'எழுதிட்டீங்க' என்று அவர் சொல்லவில்லை. 'எழுதிட்டோம்' என்றார்.

திங்கட்கிழமை அவர் ஒர்க்‌ஷாப்புக்கு வரவில்லை. காலை ஏழரைக்கு அடி அண்ணாமலைக்கே போய்விட்டார். என்னையும் பாஷா பாயையும் எங்கள் வண்டியில் பின்னால் வரச் சொன்னார். டீச்சர் வழக்கமாகப் போடும் செங்கம் ரோடு பங்க்கில் டேங்க் நிறைந்தது. மற்ற டீச்சர்களை அன்றைக்கு பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, சார் மட்டும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து போனார்.

பள்ளிக்கூடத்தில் சமதரை எல்லாம் பிள்ளைகள் விளையாட விட்டுவிட்டு, வண்டியை ஓரத்து மேட்டில்தான் நிறுத்துவாராம், முன்பக்கம் மேலே ஏறினாற்போல. சார் அங்கேயே நிறுத்தச் சொன்னார். நிழல் கிடையாது. வெறும் பாறை வெயில்.

சார் முதலில் செய்தது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் ஒரு டீச்சரை நிற்க வைத்தது. அப்புறம் எங்கள் எல்லாருடைய செல்போனையும் வாங்கி ஹெட்மாஸ்டர் ரூமில் வைத்தார். மணல் வாளி, தீயணைக்கும் சிலிண்டர் ரெண்டையும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வைக்கச் சொன்னார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். அதற்கப்புறம் வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பாத்துடலாமா சார்?" என்றார் பாஷா பாய்.

"இப்ப பாத்தா காய்ஞ்சுதான் இருக்கும் பாய். டேங்க் ஃபுல்லா இருந்து வண்டி இப்படிப் பின்னால சாஞ்சு நின்னா, பெட்ரோல் அந்த மூடி வரைக்கும் வந்து நிக்கும். வண்டி நின்னாலும் குழாய்க்குள்ள அழுத்தம் இருக்கும். வெயில் ஏற ஏற அது ஏறும். டீச்சர் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தறாங்க இல்ல, நாமளும் மதியம் வரைக்குமாவது நிறுத்துவோம்."

நாலு பீரியட் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டரை மணிக்கு சார் எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தார். தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தார். எங்களையும், வகுப்பு முடிந்து வந்த டீச்சரையும் கை காட்டிக் கூப்பிட்டார். நானும் தலையை விட்டேன். பெட்ரோல் பங்க்கில் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

பாஷா பாய் சீட்டைத் தூக்கினார், தகட்டைக் கழற்றினார். சார் ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கயிறு மாதிரி முறுக்கி, அந்தப் பிளாஸ்டிக் மூக்கின் அடியில் மோதிரம் போட்ட மாதிரி சுற்றினார். கையை எடுத்துவிட்டார். நாங்கள் நாலு பேரும் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் நிறம் மங்கியது. அந்த ஈரம் மெதுவாக நகர்ந்து நகர்ந்து முழு மோதிரமும் நனைந்தது.

கோகிலா டீச்சர் தூக்கி வைத்திருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இதும் மேலதாங்க என் கூட வர்றவங்க உக்காந்து வருவாங்க" என்றார். அதுவரைக்கும் அவர் குரல் தடுமாறி நான் கேட்டதில்லை.

கம்பெனிக்கு போட்டோவோடு எழுதினோம். வண்டி லிஸ்ட்டில் இல்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது, வாடிக்கையாளர் செலவில் மாற்றவும் என்று பதில் வந்தது. டீச்சர் அதற்கும் தயாராக இருந்தார். எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குக் கம்பெனியிடம் வம்பு வேண்டாம். "அந்தம்மாவே காசு குடுக்கறேன்றாங்க. மாத்தி அனுப்புங்க சார். லிஸ்ட்ல இல்லாத வண்டிக்கு நாம ஏன் கொடி புடிக்கணும்?" என்றார்.

சார் டீச்சரை உட்கார வைத்து, என் முன்னால்தான் பேசினார்.

"நீங்க காசு குடுத்து மாத்தினா, உங்க வண்டி நாளைக்கே ரெடிங்க. அது உங்க உரிமை, நான் தடுக்க மாட்டேன். ஆனா பேப்பர்ல அது சாதாரண தேய்மானம்னு போயிடும். உங்களுக்கு அப்புறம் வர்ற நம்பருக்கு எல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. வண்டியை இப்படியே என்கிட்ட விட்டீங்கன்னா, கம்பெனி ஆள் வந்து கண்ணால பாக்கற வரைக்கும் நான் விட மாட்டேன். எத்தினி நாள் ஆகும்னு எனக்கே தெரியாது."

டீச்சர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். "ரெண்டு பஸ் மாறிப் போகணும் சார். கீழ் ரோட்லேர்ந்து நடக்கணும்" என்றார். எழுந்து சாவியை மேஜையில் வைத்தார். "பரவால்ல. பாருங்க."

அன்றைக்கு சார் என்னிடம் ரெண்டு காரியம் சொன்னார். முதலாவது, டீச்சர் வந்துபோன மூன்று தடவையும் என்ன நடந்தது என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். என் பெண் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. அவருக்குப் புரிந்திருக்கும். "உங்க பேர் வேணாம்னா என் பேர் போட்டுக்கங்க. ஆனா மூணு தடவை வந்தாங்க, திருப்பி அனுப்பினோம்ன்றது இருக்கணும்" என்றார். நான் வீட்டுக்குப் போய் யோசித்தேன். மறுநாள் காலையில் என் பேரையே எழுதினேன். மசக்கையைப் பற்றி நான் சொன்னதையும் எழுதினேன். சார் படித்துவிட்டு அந்த வரியை மட்டும் லேசாக அடித்தார். "இது கம்பெனிக்கு வேணாம். நீங்க டீச்சர்கிட்ட சொல்லிக்கங்க" என்றார்.

ரெண்டாவது காரியம், அந்த மாடல் வண்டிகளின் பழைய ஜாப் கார்டு எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பது. வாட்டர் வாஷ் ஷெட்டுக்கு மேலே ஒரு ரூமில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. நாலு நாள் உட்கார்ந்து பிரித்தேன். கம்ப்யூட்டரில் தேடினால் எல்லாம் 'பொது சோதனை, குறை இல்லை' என்றுதான் இருந்தது. கார்டில்தான் ஆட்கள் பேசியது இருந்தது. 'ஏசி போட்டா கெரசின் வாடை.' 'சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து உக்காந்தா தலைவலி.' 'கிரிவலத்துக்கு வந்த சொந்தக்காரங்க பங்க்ல உக்காந்த மாதிரி இருக்குன்னாங்க.' 'பசங்க பின்சீட்டுல மட்டும் வாந்தி எடுக்குதுங்க.' எல்லாம் என் கையெழுத்து. எழுதியதும் நான்தான், அதற்குக் கீழே குறை இல்லை என்று எழுதியதும் நான்தான்.

ஆறு வண்டி கிடைத்தது. ஆறு பேருக்கும் போன் போட்டு, டேங்கை நிரப்பிக்கொண்டு மத்தியானமாக வரச் சொன்னோம். "எதுக்கும்மா ஃபுல் டேங்கு?" என்று ஒருவர் சந்தேகமாகக் கேட்டார். ஷெட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் அந்தப் பேப்பர் மோதிரத்தைப் போட்டார் பாஷா பாய். நாலு நனைந்தது. நாலும் லிஸ்ட்டுக்கு வெளியே உள்ள நம்பர்.

இந்த ரிப்போர்ட் போன பிறகுதான் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். லேப்டாப்பைத் திறந்து, "சார், லேப்ல டெஸ்ட் பண்ணிட்டோம். இந்த பேட்ச் பாஸ் ஆயிடுச்சு" என்றார்.

சார் அவரிடம் வாதாடவில்லை. "டிபன் சாப்பிட்டீங்களா? வாங்க, ஒரு பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

டீச்சருடைய வண்டியில் டேங்கை நிரப்பிக்கொண்டு போனோம். மறுபடியும் அதே மேடு, அதே வெயில், அதே நாலு பீரியட். இன்ஜினியர் வேப்ப மரத்தடியில் அடிக்கொரு தரம் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் நனைந்ததும் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். பிறகு யாரும் சொல்லாமலே தள்ளிப் போய், ஹெட்மாஸ்டர் ரூமிலிருந்து தன் போனை வாங்கி யாருக்கோ போட்டார். "இல்ல சார், நான் பாத்தேன். என் கண்ணு முன்னாடி" என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அதற்கப்புறமும் வாரங்கள் ஓடின. கோகிலா டீச்சர் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தோளில் ஒரு பை, கையில் திருத்திய நோட்டுக் கட்டு. செங்கம் பஸ்ஸில் இடம் பிடிக்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மறைந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்குள் அவர் பார்த்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "வண்டி பத்திரமா நிழல்ல இருக்கா? பெட்ரோலை எடுத்து வெச்சுட்டீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியில் ஏறினார்.

கம்பெனி லெட்டர் வந்தபோது முதலாளிதான் முதலில் படித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். ரீகால் லிஸ்ட்டை நீட்டியிருந்தார்கள். டீச்சருடைய வண்டி, அந்த நாலு வண்டி, எல்லாம் உள்ளே வந்துவிட்டது. எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. முதலாளி லெட்டரை சார் கையில் கொடுத்து, "நீங்க சொன்னதுதான் சார் சரி" என்றார். ஸ்வீட் வாங்கிவரச் சொன்னார்.

புது பம்ப் போட்ட அன்று வண்டியை எடுக்கக் கோகிலா டீச்சர் வந்தார். வித்யா டீச்சருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். நான் சாவியைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். ரெண்டு தடவை உங்களைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"மூணு தடவைங்க" என்றார் அவர். சிரித்தார். "மூணாவது தடவைதான் எனக்குக் கோவம் வந்துச்சு. அது வந்ததும் நல்லதுக்குத்தான்." என் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார். வித்யா டீச்சரிடம் நான் பிறகு போனில் தனியாகப் பேசினேன். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

டீச்சரை அனுப்பிவிட்டு நான் சார் ரூமுக்குப் போனேன். சந்தோஷமாக இருப்பார் என்றுதான் போனேன். மேஜையில் ஸ்வீட் டப்பா பிரிக்காமல் இருந்தது. புது லிஸ்ட்டை விரித்து வைத்துக்கொண்டு, அதன் கடைசி நம்பரில் விரலை வைத்திருந்தார்.

"சுமதிம்மா, நாம வித்த வண்டில இந்த நம்பருக்கு அடுத்தது யார்கிட்ட இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். கலசப்பாக்கத்தில் ஒரு மணிலா வியாபாரி, வேர்க்கடலை மண்டிக்காரர்.

"அது லிஸ்ட்ல இல்ல சார்."

"தெரியும்ங்க. போன் போடுங்க."

போட்டேன். "எங்க வண்டில ஒரு குறையும் இல்லையேம்மா" என்றார் அவர். "இருக்கட்டும்ங்க, டேங்கை நிரப்பிட்டு மத்தியானமா ஒரு தடவை கொண்டாங்க" என்றேன். முனகிக்கொண்டே வந்தார். வண்டியை வெயிலில் நிறுத்தி, பாஷா பாய் சீட்டைத் தூக்கி, பேப்பரைச் சுற்றினார். அரை மணி நேரம் ஆயிற்று. நனையவில்லை. சார் இன்னொரு பேப்பரைச் சுற்றச் சொல்லி, பக்கத்திலேயே இன்னொரு அரை மணி நேரம் நின்றார். அதுவும் காய்ந்தே இருந்தது. வியாபாரியிடம் போய்க் கும்பிட்டு, "ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்கு. வீணா அலைய வெச்சுட்டோம்" என்று கதவு வரைக்கும் போய் வழியனுப்பினார்.

திரும்பி என் மேஜைக்கு வந்தார்.

"அதுக்கு அடுத்த வண்டி யாரோடதுங்க?" என்று கேட்டார்.